ட்ரேயில் ‘மூடு’ கொடுத்தால் ஐகான் போகிறது, புரோகிராம் போகவில்லை (பைதான், டிகின்டர், பைஸ்ட்ரே)

எடைச்சீட்டு:

எல்லோருக்கும் வணக்கம். நாமக்கல் பக்கம் என் மாமனார் எடை மேடை நடத்துகிறார். மக்காச்சோளம், கோழித்தீவனம் ஏற்றிய லாரிகள்தான் அதிகம் வரும். இண்டிகேட்டரில் (மேடையின் எடையை எண்ணில் காட்டும் பெட்டி) வரும் எடையைக் கம்ப்யூட்டரில் பெரிதாகக் காட்டவும் சீட்டு அடிக்கவும் நானே பைதானில் ஒரு சின்னப் புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். விண்டோஸ் 10, பைதான் 3.11. பகலெல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. மூடும்போதுதான் தகராறு.

அமைப்பு இதுதான். டிகின்டர் விண்டோ மெயின் த்ரெட்டில் (த்ரெட் என்றால் ஒரே புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை). பைஸ்ட்ரே ஐகான் (திரையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில், ட்ரேயில் நிற்கும் சின்னப் படம்) தனி த்ரெட்டில். இண்டிகேட்டரிலிருந்து பைசீரியல் என்ற பைதான் நூலகம் வழியாக எடையைப் படிப்பது இன்னொரு த்ரெட்டில் (சீரியல் போர்ட் காம் 3, வேகம் 9600, யூஎஸ்பி கேபிள்). படிக்கிற த்ரெட்டே லேபிள்.கான்ஃபிக் போட்டு விண்டோவில் தெரியும் எடையை மாற்றிவிடும். விண்டோவில் பெருக்கல் குறியை அழுத்தினால் மறைந்து ட்ரேக்குப் போகும். ட்ரே மெனுவில் ‘காட்டு’, ‘மூடு’ இரண்டும் உண்டு.

‘மூடு’ ஃபங்ஷன் வரிசையாகச் செய்வது: ‘ஓடு’ என்ற மாறியை ஃபால்ஸ் ஆக்கும், படிக்கும் த்ரெட்டை ஜாயின் செய்யும் (அது முடியும்வரை காத்திருக்கும்), போர்ட்டை மூடும், ஐகான்.ஸ்டாப், ட்ரே த்ரெட்டை ஜாயின், கடைசியில் ரூட்.டெஸ்ட்ராய் (ரூட் என்பது மெயின் விண்டோ, அதை அழிப்பது).

நடப்பது வேறு.

பகலில் மூடினால் ஐகான் போய்விடுகிறது, ஆனால் டாஸ்க் மேனேஜரில் பைதான் அப்படியே இருக்கிறது. கறுப்புத் திரையிலிருந்து ஓட்டிப் பார்த்தபோது ‘கேனாட் ஜாயின் கரண்ட் த்ரெட்’ என்று வந்தது.

சாயங்காலம் மாமா முதலில் இண்டிகேட்டரை அணைத்துவிட்டுத்தான் புரோகிராமை மூடுவார். அப்போது ஐகான்கூடப் போவதில்லை, மெனுவும் திறக்காது. அவர் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் போய்விடுவார். காலையில் திரும்பத் திறந்தால் காம் 3-க்கு ‘ஆக்சஸ் இஸ் டினைட்’. கம்ப்யூட்டரையே ரீஸ்டார்ட் செய்தால்தான் சரியாகிறது. அதற்குள் வாசலில் லாரி நின்று ஹாரன் அடிக்கும்.

ட்ரே த்ரெட் ஜாயினை எடுத்துவிட்டுப் பார்த்தேன். சில சமயம் ஒழுங்காக மூடுகிறது, சில சமயம் ‘டிசிஎல் அசிங்க் டிலீட்: அசிங்க் ஹேண்ட்லர் டிலீட்டட் பை தி ராங் த்ரெட்’ என்று கத்திவிட்டு விழுகிறது. பிறகு மூடுவதை முழுதாக ரூட்.ஆஃப்டர் (சொன்ன நேரம் கழித்து ஒரு ஃபங்ஷனை மெயின் த்ரெட்டில் ஓட்டுவது) வழியாக மெயின் த்ரெட்டுக்கே மாற்றினேன். இப்போது விண்டோ ‘நாட் ரெஸ்பாண்டிங்’.

எங்கே பிடித்துத் திருத்துவது என்று யாராவது சொல்லுங்கள்.

---

வேகப்பந்து:

எல்லா த்ரெட்டுக்கும் டீமன் = ட்ரூ (அவை முடியப் பைதான் காத்திருக்காது). ‘மூடு’ ஃபங்ஷனில் ஓஎஸ்._எக்ஸிட்(0), ஒரே வரி. என் ட்ரே ஆப் எல்லாவற்றிலும் இதுதான். யோசிக்கவே வேண்டாம்.

---

எடைச்சீட்டு:

நன்றி. போட்டுப் பார்த்தேன், மூடிவிடுகிறது. ஆனால் ஐகான் மட்டும் ட்ரேயில் நிற்கிறது. மவுஸை மேலே கொண்டுபோனால் மறைகிறது. அது போகட்டும். அடித்த சீட்டையெல்லாம் ஒரு சிஎஸ்வி ஃபைலில் எழுதிக்கொண்டே வருகிறேன், அதில் கடைசியாக வந்த சில லாரிகளைக் காணோம். இதை மாமா பார்த்தால் அவ்வளவுதான்.

---

பழைய காம் போர்ட்:

தங்கச்சி, ஓஎஸ்._எக்ஸிட்டை முதலில் எடுத்துவிடுங்கள். அது புரோகிராமை நின்ற இடத்திலேயே கொன்றுவிடும். வெளியேறும்போது ஓட வேண்டிய ஃபைனலி பகுதி ஓடாது, அட்எக்ஸிட் ஓடாது, ஃபைலுக்குப் போகக் காத்திருக்கும் பஃபரும் டிஸ்க்குக்குப் போகாது. உங்கள் கடைசி லாரிகள் அந்தப் பஃபரோடு போயின. ஐகானை எடுத்துவிடு என்று விண்டோஸுக்கும் யாரும் சொல்லவில்லை, அதனால் மவுஸ் மேலே வரும்வரை எக்ஸ்ப்ளோரர் அதை வைத்திருக்கிறது. பாட்டுப் போடும் ஆப்பாக இருந்தால் வேகப்பந்து சொன்னது போதும். எடை மேடையில் சீட்டு ஒன்று, ஃபைல் ஒன்று என்றிருந்தால் வம்புதான். எதற்கும் ஒவ்வொரு சீட்டையும் எழுதியவுடன் ஃப்ளஷ் ஒன்று போட்டுவிடுங்கள். புரோகிராம் விழுந்தாலும் அது காப்பாற்றும். கரண்ட் போனாலும் காப்பாற்ற அதோடு ஓஎஸ்.எஃப்சிங்க்கும் வேண்டும்.

இனி உங்கள் கோளாறுகள். ஒவ்வொன்றுக்கும் காரணம் தனி.

‘கேனாட் ஜாயின் கரண்ட் த்ரெட்’: ட்ரே மெனுவில் அழுத்தினால் அந்த ஃபங்ஷன் எந்த த்ரெட்டில் ஓடும்? விண்டோஸில், ஐகான்.ரன் ஓடும் த்ரெட்டிலேயே. ட்ரே த்ரெட்டுக்குள் நின்றுகொண்டு ட்ரே த்ரெட் முடியட்டும் என்று காத்திருக்கிறீர்கள், தன் தோளில் தானே ஏறப் பார்ப்பது போல. பைதான் இதைக் கண்டுபிடித்து எரர் போட்டுவிடுகிறது. எரர் வந்ததால் அடுத்த வரியில் இருக்கும் டெஸ்ட்ராய் ஓடவே இல்லை. மறைந்துகிடக்கும் விண்டோவின் மெயின்லூப் (விண்டோவுக்கு வரும் வேலைகளை எடுத்துச் செய்யும் சுற்று) சுற்றிக்கொண்டே இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் நீங்கள் பார்ப்பது அதைத்தான். பைதான்டபிள்யூ வழியாக ஓட்டினால் கன்சோலே (அந்தக் கறுப்புத் திரை) கிடையாது, எரர் கண்ணில் படாது.

சாயங்காலத்துக் கோளாறு: சீரியல் போர்ட்டைத் திறக்கும்போது டைம்அவுட் கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன். கொடுக்காவிட்டால் அது நன், அதாவது முடிவில்லாமல் காத்திருக்கும். இண்டிகேட்டர் அணைந்துவிட்டது, இனி ஒரு பைட்கூட வராது. ஒரு வரி வரும்வரை படிக்கும் ரீட்லைன் அங்கேயே நிற்கிறது. ‘ஓடு’ ஃபால்ஸ் ஆனதைப் படிக்கிற த்ரெட் பார்த்தால்தானே நிற்கும்? அதை ட்ரே த்ரெட் ஜாயின் செய்து காத்திருக்கிறது, அதனால் மெனுவும் செத்துவிட்டது. பழைய புரோகிராம் போர்ட்டைப் பிடித்துக்கொண்டே இருப்பதால் காலையில் திறக்கும் புதியதற்கு அனுமதி இல்லை. மாமா மேல் தப்பில்லை. எந்த வரிசையில் அணைத்தாலும் புரோகிராம் மூட வேண்டும்.

இந்த இடத்தில் ‘சீரியல் போர்ட்டை வெளியிலிருந்து குளோஸ் செய்துவிடு, ரீட்லைன் தானாக வெளியே வரும்’ என்று சொல்லுவார்கள். விண்டோஸில் அப்படிச் செய்தால் படித்துக்கொண்டிருக்கும் த்ரெட்டின் காலடியில் இருப்பதை உருவுகிறீர்கள். ‘பைரெஃப் ஆர்க்யுமெண்ட் மஸ்ட் பி எ சிடைப்ஸ் இன்ஸ்டன்ஸ், நாட் நன்டைப்’ என்று சம்பந்தமே இல்லாத எரர் வரும், அதைத் தேடி ஒரு நாள் போகும். போர்ட்டைத் திறந்த த்ரெட்டே அதை மூடட்டும்.

‘நாட் ரெஸ்பாண்டிங்’: இதுதான் விஷயமுள்ள கோளாறு. மூடுவதை மெயின் த்ரெட்டுக்கு மாற்றியது சரியான முடிவு. ஆனால் படிக்கிற த்ரெட் நேராக லேபிள்.கான்ஃபிக் போடுகிறது அல்லவா? டிகின்டரில் வேறு த்ரெட்டிலிருந்து விட்ஜெட்டை (லேபிள், பட்டன் போன்றவை) தொட்டால், அந்த வேலை வரிசையில் போடப்பட்டு, மெயின் த்ரெட் அதை எடுத்துச் செய்து முடிக்கும்வரை தொட்ட த்ரெட் காத்திருக்கும். இப்போது மெயின் த்ரெட் என்ன செய்கிறது? ஜாயின் போட்டு, படிக்கிற த்ரெட் முடியக் காத்திருக்கிறது. படிக்கிற த்ரெட் என்ன செய்கிறது? லேபிள் மாறட்டும் என்று மெயின் த்ரெட்டுக்குக் காத்திருக்கிறது. எரர் வராது, மெசேஜ் வராது, இரண்டும் அப்படியே நிற்கும். மெயின்லூப் ஓடாத நேரத்தில் தொட்டிருந்தால் ஒரு விநாடி பார்த்துவிட்டு ‘மெயின் த்ரெட் இஸ் நாட் இன் மெயின் லூப்’ என்றாவது சொல்லும். இங்கே மெயின்லூப் ஓடுகிறது, ஆனால் உங்கள் ஃபங்ஷனுக்குள் சிக்கியிருக்கிறது. அதனால் அதுகூட வராது.

‘ராங் த்ரெட்’ என்று கத்தியது: ட்ரே த்ரெட்டிலிருந்து டெஸ்ட்ராய் செய்ததும் மெயின்லூப் முடிந்து மெயின் த்ரெட் வெளியேறுகிறது. ரூட்டைப் பற்றியிருக்கும் கடைசிக் கை சில சமயம் ட்ரே த்ரெட்டுடையதாக அமைந்துவிடுகிறது. அது கையை விடும்போது டிகின்டருக்கு அடியில் ஓடும் டிசிஎல் இன்டர்பிரட்டர் அந்த த்ரெட்டிலேயே அழிகிறது. தன்னை உருவாக்கிய த்ரெட் தவிர வேறொன்றில் அழிய அது சம்மதிக்காது. யார் கடைசியில் விடுகிறார்கள் என்பது ஒவ்வொரு முறையும் மாறும், அதனால்தான் சில சமயம் ஒழுங்காக மூடுகிறது.

இப்போது மாற்ற வேண்டியது.

ட்ரே த்ரெட்டுக்கும் படிக்கிற த்ரெட்டுக்கும் ரூட்டையோ லேபிளையோ தெரியவே கூடாது. இரண்டுக்கும் ஒரு கியூவை (செய்திகள் நிற்கும் வரிசை) மட்டும் கொடுங்கள். பைதானின் கியூ.கியூ த்ரெட்களுக்கென்றே செய்தது, த்ரெட்கள் மோதாமல் காக்கும் பூட்டெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. படிக்கிறது எடையை அதில் போடும். ட்ரே ‘காட்டு’ அல்லது ‘மூடு’ என்ற சொல்லைப் போட்டுவிட்டு உடனே திரும்பிவிடும். மெயின் த்ரெட் ரூட்.ஆஃப்டரில் 100 மில்லி விநாடிக்கு ஒருமுறை காத்திருக்காமல் எடுக்கும் கெட்_நோவெயிட் போட்டு, காலியாகும்வரை எடுத்துப் பார்க்கும். விட்ஜெட்டைத் தொடுவது அங்கே மட்டும்.

‘ஓடு’ மாறிக்குப் பதில் த்ரெடிங்.ஈவெண்ட் (எல்லா த்ரெட்டும் பார்க்கக்கூடிய கொடி மாதிரி). டைம்அவுட் 0.5. படிக்கிற லூப் ஒவ்வொரு சுற்றிலும் ஈவெண்ட்டைப் பார்க்கட்டும், ஃபைனலியில் போர்ட்டைத் தானே மூடட்டும். கேபிள் பிடுங்கப்பட்டால் மறுபடி இணைக்க டைம்.ஸ்லீப் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிட்டு ஈவெண்ட்.வெயிட் போடுங்கள். மூடச் சொன்னதும் தூக்கத்திலிருந்து எழுந்துவிடும்.

மெயின் த்ரெட் ‘மூடு’ என்பதை எடுத்ததும்: விண்டோவை மறைத்து, ஈவெண்ட்டை செட் செய்து, ஐகான்.ஸ்டாப் கூப்பிடட்டும். அங்கேயே ஜாயின் போட்டு உட்காராதீர்கள். ரூட்.ஆஃப்டரில் 50 மில்லி விநாடிக்கு ஒருமுறை இஸ்_அலைவ் (உயிரோடு இருக்கிறதா) என்று கேட்டு, இரண்டு த்ரெட்டும் முடிந்ததும் ரூட்.டெஸ்ட்ராய். டெஸ்ட்ராய் நடக்கும்போது மெயின் த்ரெட்டைத் தவிர யாரும் உயிரோடு இருக்கக் கூடாது, அதுதான் கணக்கு. 3 விநாடி ஆகியும் முடியாவிட்டால் லாக் ஃபைலில் (நடந்ததைக் குறித்துவைக்கும் ஃபைல்) எழுதிவிட்டு டெஸ்ட்ராய் செய்யுங்கள். படிக்கிற த்ரெட்டுக்கு டீமன் = ட்ரூ இருக்கட்டும், அந்தக் கடைசி நிலைக்குக் காவலாக. டீமன் இல்லாத த்ரெட் ஒன்று உயிரோடு இருந்தால் பைதான் வெளியேறாமல் அதற்காகவே காத்திருக்கும்.

லாக் என்றதும் நினைவு வருகிறது. த்ரெட் ஒவ்வொன்றுக்கும் பெயர் வையுங்கள். மூடும்போது த்ரெடிங்.எனுமரேட் தரும் பட்டியலை எழுதுங்கள், யார் போகவில்லை என்று ஒரே பார்வையில் தெரியும். எந்த வரியில் நிற்கிறது என்று தெரிய பைதானோடு வரும் ஃபால்ட்ஹேண்ட்லரில் டம்ப்_டிரேஸ்பேக்_லேட்டர் இருக்கிறது. கன்சோல் இல்லாத புரோகிராமில் அதற்கு ஒரு ஃபைலைத் திறந்து கொடுக்க வேண்டும்.

---

குறுக்குக்கேள்வி:

அண்ணா, ஒரு சந்தேகம். ட்ரே ஃபங்ஷனிலிருந்து ரூட்.ஆஃப்டர்(0, மூடும் ஃபங்ஷன்) என்று போட்டாலே போதும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் வேலை செய்கிறது. சும்மா இருக்கும் நேரத்திலும் 100 மில்லி விநாடிக்கு ஒருமுறை கியூவை எட்டிப் பார்ப்பது வீண் இல்லையா?

இன்னொன்று. என் புரோகிராமில் ஐகான்.ரன்னுக்கு செட்அப் ஃபங்ஷன் கொடுத்து, அதற்குள் ஒரு ஒயில் லூப்பில் (திரும்பத் திரும்ப ஓடும் சுற்று) ஐகான் நிறத்தை மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஸ்டாப் கொடுத்தாலும் பைதான் போக மறுக்கிறது. இதுவும் அதே வகைதானா?

---

பழைய காம் போர்ட்:

ரூட்.ஆஃப்டரும் ஒரு டிகின்டர் அழைப்புதான் தம்பி. வேறு த்ரெட்டிலிருந்து கூப்பிட்டால் அதுவும் மெயின் த்ரெட்டின் வரிசையில் போய் நின்று பதிலுக்குக் காத்திருக்கும். மெயின்லூப் நன்றாகச் சுற்றும்வரை உங்களுக்குத் தெரியாது. யாராவது ‘மூடு’வை இரண்டுமுறை அழுத்தி, இரண்டாவது அழைப்பு வருவதற்குள் மெயின்லூப் முடிந்திருந்தால் தெரியும். அதுபோக, ரூட்.ஆஃப்டர் என்று எழுத ட்ரே ஃபங்ஷன் கையில் ரூட் இருக்க வேண்டும். அந்தக் கையைப் பற்றித்தான் மேலே சொன்னேன்.

100 மில்லி விநாடிக்கு ஒரு காலிக் கியூவைப் பார்ப்பதற்கு ஆகும் செலவு டாஸ்க் மேனேஜரில் தெரியக்கூடத் தெரியாது. இதைவிட அழகான வழிகள் உண்டு. எனக்கு எட்டு மணிக்கு ஃபோன் வராத வழிதான் பிடிக்கும்.

செட்அப்: ஆமாம், அந்த ஃபங்ஷன் தனியாக ஒரு த்ரெட்டில் ஓடுகிறது. ஐகானை நிறுத்தினாலும் அந்த ஃபங்ஷன் திரும்பும்வரை அந்த த்ரெட் சாகாது. ஒயில் ட்ரூ என்றால் எப்போது திரும்பும்? அந்த லூப்பும் ஈவெண்ட்டைப் பார்க்கட்டும், ஸ்லீப்புக்குப் பதில் ஈவெண்ட்.வெயிட். ஸ்டாப் கூப்பிடுவதற்கு முன்னால் செட் செய்துவிடுங்கள். செட்அப் நீங்களே எழுதினால் அதற்குள் ஐகான்.விசிபிள் = ட்ரூ போடுவதும் உங்கள் பொறுப்பு.

மேக்கில் ஓட்டும் எண்ணம் இருந்தால் இது எதுவும் அப்படியே செல்லாது. அங்கே பைஸ்ட்ரேயின் ரன் மெயின் த்ரெட்டில்தான் ஓட வேண்டும், டிகின்டரும் அதே இடத்தைக் கேட்கும்.

---

எடைச்சீட்டு:

அண்ணா, மாற்றிவிட்டேன். பகலிலும் மூடுகிறது, இண்டிகேட்டரை அணைத்துவிட்டு மூடினாலும் மூடுகிறது. டாஸ்க் மேனேஜரில் எதுவும் இல்லை. சிஎஸ்வியில் எல்லா லாரியும் இருக்கிறது. ட்ரேக்கு ரூட் தெரியாமல் பார்த்துக்கொண்டேன், ‘ராங் த்ரெட்’ வருவதே இல்லை.

புதிதாக ஒன்று. சட்டென்று மூடட்டும் என்று டைம்அவுட்டை 0.01 என்று வைத்திருக்கிறேன். இப்போது நடுநடுவே எடை தப்பாகக் காட்டுகிறது. 12340 கிலோ லாரி மேடையில் நிற்கிறது, ஒரு கணம் 340 என்று வந்துவிட்டுப் போகிறது. டிரைவர் ஒருவர் பார்த்துவிட்டு மேடையைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். இதுவும் த்ரெட் கோளாறா?

---

பழைய காம் போர்ட்:

இல்லை, இது டைம்அவுட். முதலில் சீட்டு அடிக்கும் பட்டனை நிறுத்திவையுங்கள், இது சரியாகும்வரை இண்டிகேட்டரைப் பார்த்துக் கையால் எழுதட்டும்.

9600 வேகத்தில் ஒரு எழுத்து வர ஏறக்குறைய 1 மில்லி விநாடி. ஆனால் யூஎஸ்பி கேபிளுக்குள் இருக்கும் சிப் எழுத்துகளைச் சேர்த்துவைத்துக் கட்டாகத்தான் அனுப்பும். எஃப்டிடிஐ கம்பெனியின் சிப் என்றால் டிரைவரில் அந்தக் காத்திருப்பு 16 மில்லி விநாடி என்று வைத்திருப்பார்கள். நீங்கள் 10-லேயே பொறுமை இழக்கிறீர்கள். ரீட்லைன் டைம்அவுட் ஆனால் எரர் போடாது, அதுவரை வந்த துண்டை வரி மாதிரியே கொடுத்துவிடும். ‘12’ ஒரு துண்டாகவும், ‘340’ வரி முடிவோடு அடுத்த துண்டாகவும் வந்திருக்கும். இரண்டாவது பார்க்க நல்ல வரி போலவே இருக்கும்.

0.5-க்கே திரும்புங்கள். மூட அரை விநாடி ஆனால் யாருக்கும் நஷ்டமில்லை. அதோடு நிற்காமல், வந்த துண்டுகளை ஒரு பைட்அரேயில் சேர்த்துக்கொண்டே போய், வரி முடிவுக் குறி வந்தால் மட்டும் அதுவரை வெட்டி எடுங்கள். மிச்சம் அடுத்த சுற்றுக்கு அங்கேயே இருக்கட்டும். போர்ட்டைத் திறந்ததும் வரும் முதல் வரியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், இண்டிகேட்டர் பாதி வரி சொல்லிக்கொண்டிருக்கும்போது நீங்கள் உள்ளே நுழைந்திருக்கலாம். கேபிளைப் பிடுங்கி மறுபடி இணைத்த பிறகும் இதேதான், பழைய மிச்சத்தையும் காலி செய்துவிடுங்கள். உங்கள் இண்டிகேட்டர் அனுப்பும் வரியின் நீளம் மாறாது என்றால் நீளத்தையும் சரிபாருங்கள், குறைந்தால் கியூவில் போடவே வேண்டாம்.

சீட்டு அடிக்கும்போது கடைசி எடை எப்போது வந்தது என்ற நேரத்தையும் பாருங்கள். 2 விநாடிக்கு மேல் பழையது என்றால் பட்டன் வேலை செய்யக் கூடாது. அணைத்த இண்டிகேட்டரின் பழைய எடையில் அடுத்த லாரிக்குச் சீட்டு போய்விடும்.